பெருங்கடலுக்குப் பெயர் வைக்க வந்த அத்தை

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வேற்றுக் கிரகத்துப் பெருங்கடலைப் பற்றி நாவல் எழுதுகிறவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று நினைக்கிறீர்களோ, ஏறக்குறைய அப்படிப்பட்ட ஆள்தான் நான். கடல் பார்க்க வேண்டுமென்றால் எங்களுக்கு மாமல்லபுரம் போகவேண்டும். போனாலும் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு, பேண்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டியபடி பஜ்ஜிக் கடைக்கு வந்துவிடுவேன். உள்ளூர்த் தண்ணீர் என்றால் கோயில் குளங்கள், மழை மனது வைத்த வருடங்களில் தாமல் ஏரி, அவ்வளவுதான். பாலாறும் உண்டு. அதை ஆறு என்று நம்புவதற்கே கொஞ்சம் கற்பனை வேண்டும். அந்தக் கற்பனைதான் என்னை நாவல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

என் தொழில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடுவது. முன்பு கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்பினேன், இப்போது கம்ப்யூட்டரில் நிரப்புகிறேன். அன்னம், யாளி, மயில், மாங்காய் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்காக வரைந்துவிட்டு, மிச்ச நேரத்தில் எனக்காக ஒரு கிரகத்தைச் செய்துகொண்டிருந்தேன். நான்கு வருடம் பிடித்தது. அந்தக் கிரகத்தில் பெரும்பகுதி தண்ணீர். ஒரே ஒரு பெருங்கடல், ஓரத்தில் கொஞ்சம் நிலம், நிலத்தில் கொஞ்சம் மனிதர்கள்.

சென்னையில் ஒரு பதிப்பாளர் நாவலைப் போட ஒத்துக்கொண்டார். இரண்டு விஷயம் மட்டும் கேட்டார். முதல் பக்கத்தில் போட ஒரு வரைபடம் வேண்டும். அப்புறம், நாவல் முழுக்கப் ‘பெருங்கடல்’, ‘பெருங்கடல்’ என்றே எழுதியிருக்கிறேன், அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

“ஒரு கிரகத்தையே செஞ்சிட்டீங்க சார், ஒரு பேர் வைக்கிறதா கஷ்டம்?” என்றார். கஷ்டம் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

வரைபடத்தை எனக்குத் தெரிந்த வழியில் வரைந்தேன். சேலை டிசைன் போடும் அதே மென்பொருளைத் திறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பெருங்கடலை முடித்துவிட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். அவள் தாமல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். புவியியல் அவள் பேட்டை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை நடுவில் சரியாக மடித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். மேற்குக் கடற்கரை கிழக்குக் கடற்கரையின் மேல் ஒரு நூல் பிசகாமல் பொருந்தியது.

“இன்னாங்க இது?” என்றாள்.

நடந்தது இதுதான். சேலை டிசைனில் பெரும்பாலும் பாதிதான் போடுவோம். இடப்பக்க அன்னத்தைப் போட்டால் வலப்பக்க அன்னத்தைத் தறி தானே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதற்கென்று மென்பொருளில் ஒரு பொத்தான் உண்டு, அதை நான் அணைப்பதே இல்லை. பாதிக் கடலை வரைந்த கை, மீதியைத் தறி பார்த்துக்கொள்ளும் என்று எழுந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு வளைகுடா, அந்தப் பக்கமும் அதே வளைகுடா. தீவுகள் எல்லாம் மாங்காய் வடிவத்தில், சம இடைவெளியில். வடக்கே மலைத்தொடர் சேலையின் கோபுரக் கரை மாதிரி ஒரே உயரத்தில் நின்றது.

“உலகத்துல எந்தக் கடலும் இப்படி இருக்காது” என்றாள்.

“இது வேற உலகம்மா.”

“வேற உலகமா இருந்தாலும் நெய்ய முடியாதுங்க.”

அவ்வளவோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டாள். இந்த ஆறு எங்கே உற்பத்தியாகிறது, மேட்டைப் பார்த்து ஏன் ஓடுகிறது என்று கேட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கேட்டாள். அதற்குக் கிரகம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரியவேண்டுமாம். நான்கு வருடம் அந்தக் கிரகத்தில் குடியிருந்தும் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நான் யோசித்ததில்லை. அவளே முடிவு செய்து, அம்புக்குறி போட்டு, நீரோட்டங்களையும் வரைந்தாள். அதன்படி அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். மூன்று அத்தியாயங்களில் விடியலை நான் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் அளவுகோலைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

“காலையில ஏழு மணிக்குக் கப்பல் கிளம்புது, மத்தியானம் அந்தக் கரையில சாப்பாடு. இது பெருங்கடலா? தாமல் ஏரியே இதவிடப் பெரிசுங்க.”

பெரிசு பண்ணினேன். தினமும் சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து உட்கார்ந்துவிடுவோம். இங்கே ஒரு கழிமுகம், அங்கே ஒரு பவளத்திட்டு என்று அவள் சொல்லச் சொல்ல நான் வரைவேன். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த நாட்கள் அவ்வளவு பிடித்திருந்தன. திட்டு வாங்குவதற்காகவே சில தீவுகளை வேண்டுமென்று தப்பான இடத்தில் வைத்தேன்.

பெயர்தான் அமையவில்லை. நான் ‘நீலமாதேவி’ என்றேன். சேலைக் கடைப் பெயர் மாதிரி இருக்கிறது என்றாள். ‘ஆழிப்பேரரசி’ என்றேன். அரசியல் போஸ்டர் மாதிரி இருக்கிறது என்றாள். பதிப்பாளர் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்துகொண்டிருந்தார். கடைசியில் புத்திசாலித்தனம் என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், “நாவலில் வரும் ஒரு பெருங்கடலுக்கு நல்ல பெயர் சொல்லுங்கள்” என்று போட்டேன். ஒன்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒரு சித்தப்பா ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். ஒரு மைத்துனன், “மாமா, உங்க பேரையே வெச்சிடுங்க, ரெண்டும் ஆழமாவே இருக்காது” என்றான். அதற்குப் பதினான்கு பேர் சிரித்தார்கள்.

என் அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டிலேயே தறி. தினமும் நாலரை மணிக்குத் தறியிலிருந்து எழுந்து, முகம் கழுவி, எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவாள். அவள் வீட்டில் டீத்தூள் இல்லாமல் இல்லை. என் மனைவி போடும் டீதான் டீ என்பது அவள் கட்சி. நாத்தனாரும் தம்பி மனைவியும் இருபது வருடம் ஒரே டீயில் ஒத்துப்போவது எங்கள் தெருவில் ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

குழுவில் நான் கேட்ட மறுநாள் அக்கா வந்தாள். டீயை எடுக்கவில்லை. மேஜையில் விரித்திருந்த கடலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இதுக்குத்தான் குரூப்ல பேரு கேட்டியா?”

“ஆமாக்கா.”

“உன் வீட்டு வஸ்துவுக்குப் பேரு வைக்க ஊரையெல்லாம் கேப்பியா? அத்தைன்னு ஒருத்தி உயிரோட இருக்கறப்ப?”

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வழக்கம் தெரியவேண்டும். எங்கள் வீடுகளில் குழந்தைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. அப்பனின் கூடப் பிறந்தவள் குழந்தையை மடியில் வாங்கி, காதோடு வாய் வைத்துப் பெயரை மூன்று முறை சொல்லவேண்டும். அவள் சொன்ன பிறகுதான் அது பெயர். அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்ததெல்லாம் அதுவரைக்கும் வெறும் எழுத்து. என் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் வீடுகளில் அக்காதான் போய்ப் பெயர் வைத்துவிட்டு வந்தாள். சொந்தத் தம்பி வீட்டில் மட்டும் அவளுக்கு அந்த வேலை வரவே இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான வருடமே ஒன்று வயிற்றில் நாலு மாதம் வரைக்கும் இருந்தது, பிறகு நிற்கவில்லை. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை. அதைப் பற்றி அக்கா எங்கள் வீட்டில் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அது தெரியும். ஆனால் ‘அத்தை’ என்ற சொல் அந்த மேஜைமேல் விழுந்ததும் என் மனைவியின் கை நின்றுவிட்டது. சிவப்புப் பேனாவை மூடினாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “நான் ஒண்ணும் தப்பா சொல்லலப்பா” என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“இருபது வருஷம் சொல்லாததை இன்னிக்குச் சொல்லிட்டாங்க” என்றாள் மனைவி, பாத்திரம் கழுவிக்கொண்டே.

“அக்கா கடலைத்தான் சொன்னா.”

“கடலுக்கு யாராவது அத்தை உரிமை கேப்பாங்களா? அவங்க ஒரு பேரை மனசுல வெச்சிக்கினு இத்தினி வருஷமா காத்துக்கினு இருக்காங்க. ஒவ்வொரு நாளும் டீ குடிக்கறப்ப அந்தப் பேரு அவங்க வாயில இருந்திருக்குது. எனக்கு அது தெரியாம போச்சு பாருங்க.”

எனக்கு வராத வேலை சமாதானம் பேசுவது. இரண்டு பெண்களில் யாராவது ஒருத்தி மேல் தப்பு இருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பக்கம் போய் நின்றிருக்கலாம்.

மறுநாள் நாலரைக்கு அக்கா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. என் மனைவி மூன்று பேருக்கு டீ போட்டுவிட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினாள், எனக்குத் ததும்பத் ததும்ப. வரைபடம் மேஜையிலேயே கிடந்தது. வடபாதி திருத்தியது, தென்பாதி திருத்தாதது. தெற்கில் ஆறுகள் இன்னும் மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. அதை நான் சுட்டிக்காட்டியும் அவள் பேனாவை எடுக்கவில்லை. நான் அக்கா வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தாள், தலை நிமிரவில்லை.

“டீ குடிக்க வரல?”

“வேலை இருக்குதுப்பா.”

“கோவமா?”

“எனக்கு இன்னா கோவம். உன் பொண்டாட்டி முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தை எதிர்ல வெச்சிக்கினு எனக்கு டீ இறங்காது.”

பதிப்பாளர் போன் செய்தார். பெயர் தயாரா என்றார். குடும்பத்தில் கொஞ்சம் கருத்து வேறுபாடு சார் என்றேன். கடல் பெயரிலா என்றார். ஆமாம் என்றேன். எழுத்தாளர்களைப் பற்றி அவர் ஏற்கெனவே வைத்திருந்த அபிப்பிராயம் அன்றைக்கு உறுதிப்பட்டிருக்கும்.

பெயர் எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. நாவலே வராவிட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. நாலரை மணி ஆனால் வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. இருபது வருடமாக எது நடந்தாலும் கெடாத ஒரு டீயை, வாட்ஸப்பில் ஒரு வரி போட்டுக் கெடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். வரைபடத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“வாங்க” என்றாள்.

“எங்க?”

“உங்க அக்கா வீட்டுக்கு. இருபது வருஷமா வெச்சிருக்கற பேரை இன்னிக்குச் சொல்லிடட்டும். அதுக்கப்புறம் நானும் நிம்மதியா இருப்பேன், அவங்களும் இருப்பாங்க.”

அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற முகம் அது. நான் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அக்கா எங்களைப் பார்த்ததும் தறியிலிருந்து எழுந்தாள். என் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணி, பேர் வைங்க” என்றாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கை கால் கழுவி, நெற்றிக்கு விபூதி இட்டுக்கொண்டு வந்தாள். மணை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, கடலை அதன்மேல் வைத்தாள். காகிதம் சுருண்டுகொண்டே போனது. நாலு மூலைக்கும் நாலு வெற்றிலை பாக்கு வைத்து அடக்கினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து குனிந்தவள் பாதியில் நிமிர்ந்தாள்.

“இதுக்குக் காது எங்க இருக்குது?”

“எல்லாப் பக்கமும் கரைதானே அண்ணி, எங்க சொன்னாலும் கேக்கும்” என்றாள் மனைவி.

அக்கா மறுபடியும் குனிந்தாள். தெற்கே ஒரு வளைகுடா பக்கமாக வாயைக் கொண்டுபோனாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் வரவில்லை. அவள் முதுகு மட்டும் லேசாக ஆடியது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“என்கிட்ட பேரு இல்லமா.”

என் மனைவிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

“மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போறப்ப மூணு பேரு, நாலு பேரு யோசிச்சி வெச்சிக்கினு போவேன். உங்க வீட்டுக்குன்னு ஒரு பேரு நான் யோசிக்கவே இல்ல. அந்த நாலு மாசம் யோசிச்சிக்கினு இருந்தேன். அது போனதும் விட்டுட்டேன். யோசிச்சா நான் காத்துக்கினு இருக்கற மாதிரி ஆயிடும். நான் காத்துக்கினு இருந்தா அது உன் தலையில பாரம். தெனம் உன் வீட்டுக்கு வந்து, உன் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு, மனசுல ஒண்ணு வெச்சிக்க முடியுமா? அதான் அந்தப் பக்கமே போவல.”

“அப்புறம் ஏன் அன்னிக்கு அத்தைன்னு சண்டைக்கு வந்த?” என்று கேட்டேன். சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தால் வாய் இப்படித்தான் எதையாவது கேட்டுவைக்கும்.

“குரூப்ல கேட்டா கோவம் வராதாப்பா? பேரு இல்லன்னா உரிமையும் இல்லாம போயிடுமா?”

என் மனைவி கீழே உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம். இருபது வருடமாக ஒரு பெயரோடு காத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் நினைத்த ஒருத்தி, சுமை தெரியக்கூடாது என்று தன் ஆசையையே தூக்கிப் போட்டிருக்கிறாள். அதை அவள் முகம் புரிந்துகொண்டதை நான் பார்த்தேன். அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் சாய்ந்து, அக்காவின் காதில் என்னவோ சொன்னாள்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பலேர்ந்துமா?” என்று கேட்டாள்.

“அந்த நாலு மாசம்” என்றாள் என் மனைவி. “பொண்ணுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முறையாகக் குனிந்து, கடலின் ஓரத்தில் வாய் வைத்து மூன்று முறை சொன்னாள். காதோடு சொல்லவேண்டியதைச் சற்று உரக்கவே சொன்னாள், எனக்கும் கேட்கட்டும் என்று.

“பூங்கொடி. பூங்கொடி. பூங்கொடி.”

என் வீட்டில், என் பக்கத்தில், இருபது வருடமாக இருந்த ஒரு பெயரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எத்தனை நாள் அவள் அதை மனதுக்குள் கூப்பிட்டிருப்பாளோ. நான்கு வருடம் ஒரு கிரகத்தையே யோசித்தவனுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். மூன்று டம்ளர் எடுத்தேன். அக்காவிடம் நீட்டும்போது தென்கோடித் தீவு ஒன்றின் மேல் டீ சிந்தியது. இரண்டு பேரும் ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். அந்தத் திட்டு காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

டீ குடித்து முடித்ததும் அக்கா ஈரத் தீவை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“ஆமாம், கதையில இந்தக் கடல் இன்னா பண்ணுது?”

எழுத்தாளனிடம் அவன் கதையைக் கேட்டால் இடம் பொருள் தெரியாது. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். ஏழாம் அத்தியாயத்தில் பெரும்புயல் வருகிறது, அந்தக் கிரகத்துப் பௌர்ணமி நிலவுகள் இரண்டும் ஒன்றாக எழும்புகின்றன, கடல் கொந்தளித்து மூன்று கப்பல்களை ஆட்களோடு விழுங்கிவிடுகிறது, நாவலிலேயே அதுதான் உச்சக்கட்டம் என்று கைகளை ஆட்டிச் சொன்னேன். சொல்லிமுடித்த பிறகுதான் இரண்டு பேரும் என்னைப் பார்க்கிற பார்வையைக் கவனித்தேன்.

என் மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“என் பொண்ணு அப்படிப் பண்ணமாட்டா” என்றாள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து மூன்று கப்பல்களையும் கரை சேர்த்தேன்.